சிக்கிய போல்ட்டுக்கு எண்ணெய் மருந்தல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் ஞாயிறு வேலைவாய்ப்புப் பக்கத்தில், காவலர் தேர்வுக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் தயாராகிற பிள்ளைகளுக்காக ஒரு கேள்வி-பதில் பகுதி வருகிறது. எங்கள் தண்டையார்பேட்டையில் அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைத்துப் படிக்கிற பையன்கள் நிறையப் பேர். போன ஞாயிறு அதில் ஒரு கேள்வி: செமி ஆட்டோமேட்டிக் ரைபிளில் போல்ட் சிக்கிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும்? வந்த பதில்: தாராளமாக எண்ணெய் விட்டு, பின்கட்டையைத் தரையில் ஓங்கி இடித்துக்கொண்டே காக்கிங் ஹேண்டிலை இழுத்தால் விடுபட்டுவிடும். (போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலின் பின்பக்கத்தை மூடும் பாகம். காக்கிங் ஹேண்டில் என்பது அதைக் கையால் பின்னுக்கு இழுக்கும் பிடி.)

இதில் முதல் பாதி ரைபிளைக் கெடுக்கும். இரண்டாம் பாதி ஆளைக் கொல்லும். அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் நீங்கள் இதற்குத் திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ராணுவத்தில் இ.எம்.இ. என்ற மின்-இயந்திரப் பொறியியல் பிரிவில் ஆர்மரராக இருந்து ஓய்வுபெற்றவன். ஆர்மரர் என்றால் படையின் சிறு ஆயுதங்களைப் பரிசோதித்துப் பழுதுபார்க்கிறவன். செகந்திராபாத்தில் பயிற்சி. அப்புறம் ராஜஸ்தான் மணல், அஸ்ஸாம் மழை, காஷ்மீர் பனி என்று யூனிட் போன இடமெல்லாம் என் கருவிப்பெட்டியும் போனது. என் கை வழியாகப் போனதில் பெரும்பகுதி 7.62 மில்லிமீட்டர் எஸ்.எல்.ஆர்., அதாவது அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றிக்கொள்ளும் ரைபிள். பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் வடிவமைத்த எஃப்.ஏ.எல். ரைபிளின் இந்திய வடிவம் அது. வங்காளத்தில் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் 1960-களில் செய்யத் தொடங்கினார்கள். 1990-களில் இன்சாஸ் ரைபிள் வந்து ராணுவத்தில் அதை ஓரங்கட்டினாலும், போலீஸ் ஆயுத அறைகளில் எஸ்.எல்.ஆர். இன்னும் நிற்கிறது. உங்கள் பக்கத்தைப் படிக்கிற பிள்ளைகள் பயிற்சியில் கையில் வாங்கப்போவதும் அநேகமாக அதைத்தான். அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

உங்கள் பதிலை என்னிடம் கொண்டுவந்து காட்டியவன் எங்கள் தெருப் பையன் ஒருவன். விடிவதற்கு முன்னால் எழுந்து ஓட்டப் பயிற்சிக்குப் போகிறவன். “இன்னா தாத்தா, பேப்பர்லயே போட்டுருக்காங்க, அப்போ கரெக்டாத்தானே இருக்கும்?” என்று கேட்டான். அவன் அப்படி நம்புவதில் தப்பே இல்லை. அச்சில் வந்ததை நம்பித்தான் அவன் தேர்வே எழுதுகிறான். நாளைக்கு ஃபயரிங் ரேஞ்சில் அவன் ரைபிள் நின்றுபோகும் அந்த நொடியில், நீங்கள் எழுதிய அந்த வரிதான் அவன் கைக்கு வரும்.

முதலில் உயிர் சம்பந்தப்பட்டதைச் சொல்லிவிடுகிறேன். போல்ட் சிக்கியதும் செய்ய வேண்டிய முதல் காரியம் ரைபிளிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது. குழலின் வாய் டார்கெட் பக்கமே இருக்க வேண்டும். விரல் டிரிக்கரை விட்டு வெளியே வர வேண்டும். என்ன ஆச்சு என்று பார்க்க ரைபிளைத் திருப்பக் கூடாது, பக்கத்தில் இருப்பவனிடம் காட்டக் கூடாது. கையைத் தூக்கி, பயிற்சி தரும் உஸ்தாதைக் கூப்பிட வேண்டும். டிரிக்கரை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குறைந்தது அரை நிமிடமாவது அப்படியே பிடித்திருக்க வேண்டும். சில தோட்டாக்களில் மருந்து தாமதமாகப் பற்றும். அப்புறம் மேகசினைக் கழற்ற வேண்டும். மேகசின் உள்ளே இருக்கிற வரைக்கும் போல்ட்டை அசைக்கிற ஒவ்வொரு முறையும் இன்னொரு தோட்டா மேலே வரப் பார்க்கும்.

பின்கட்டையைத் தரையில் இடிப்பது ஏன் கொலைக்குச் சமம் என்கிறேன் என்றால், போல்ட் மூடியபடி சிக்கியிருக்கும்போது உள்ளே இருப்பது காலிக் கேஸா (வெடித்து முடிந்த தோட்டாவின் பித்தளை உறை), வெடிக்காத தோட்டாவா என்று வெளியிலிருந்து தெரியாது. பின்கட்டையைத் தரையில் வைத்தால் குழலின் வாய் எங்கே பார்க்கும்? மேலே. இடிக்கிறவன் தாடைக்கும் நெற்றிக்கும் நேராக. அவனோ முழுப் பலத்தையும் போட்டுக் குனிந்திருப்பான். தொடர்ந்து சுட்டுக் குழல் சூடாகியிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். சூடான சேம்பரில், அதாவது குழலின் பின்கோடியில் தோட்டா உட்காரும் அறையில், மாட்டிக்கொண்ட தோட்டா, டிரிக்கரைத் தொடாமலே வெப்பத்தில் தானாக வெடிக்கக்கூடும். அந்த நிலையில் ரைபிளை டார்கெட்டைப் பார்த்தபடி விட்டுவிட்டு, விலகி நின்று, குழல் ஆறுகிற வரை காத்திருப்பதுதான் முறை. ரேஞ்சில் நேரம் போகிறது, பின்னால் அடுத்த அணி நிற்கிறது என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை.

சரி, உயிர் பத்திரம். இனி ரைபிள்.

போல்ட் சிக்கிவிட்டது என்று என்னிடம் கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எங்கே சிக்கியது என்பதைத்தான். முன்னால் முழுசாகப் போகாமல் நின்றதா, மூடியது மூடியபடி திறக்க மறுக்கிறதா, பின்னால் வரும் வழியில் பாதியிலேயே திரும்பிவிட்டதா? இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வியாதிகள். மழைக்காலத்தில் ஊதிப்போன கதவை உதைத்துத் திறக்கிறவனும் உண்டு, எங்கே உரசுகிறது என்று விரலால் தடவிப் பார்த்து அந்த இடத்தை மட்டும் இழைக்கிறவனும் உண்டு. ஆர்மரர் இரண்டாவது ஆளாக இருக்க வேண்டும்.

முன்னால் முழுசாகப் போகாமல் நிற்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். ராஜஸ்தானில் மகாஜன் ஃபயரிங் ரேஞ்ச். ஒரு ஜவானின் எஸ்.எல்.ஆரில் பிரீச் பிளாக் (இந்த ரைபிளில் போல்ட்டுக்கு அதுதான் பெயர்) ஒரு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. பின்னால் நின்றவர் “பூட் காலால் தள்ளு” என்று இந்தியில் கத்தினார். நான் ஓடிப்போய் ரைபிளை வாங்கி, மேகசினைக் கழற்றி, பிளாக்கைப் பின்னால் இழுத்து, பாதி நுழைந்திருந்த தோட்டாவை வெளியே எடுத்தேன். அதன் கழுத்தில் சுற்றிலும் புதிதாக ஒரு பளபளப்பான கீறல். பார்த்ததுமே புரிந்துவிட்டது. சேம்பருக்குள் டார்ச் அடித்தேன். முன்கோடியில், முந்தைய தோட்டாவின் பித்தளைக் கழுத்து மட்டும் தனியாக உடைந்து, வளையமாக உட்கார்ந்திருந்தது. உடைந்த கேஸ் எடுப்பதற்கென்று ஒரு கருவி உண்டு. அதைச் சேம்பரில் விட்டு, பிளாக்கை மெதுவாக மூடித் திறந்ததும் அந்த வளையம் கருவியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஓரம் ஒழுங்கில்லாமல், பல் பல்லாக உடைந்திருந்தது. அந்த ஜவான் பூட் காலால் தள்ளியிருந்தால் புதுத் தோட்டாவின் குண்டு அந்த வளையத்துக்குள் இறுகியிருக்கும். அதன் பிறகு டிரிக்கரை இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. இந்தத் தோட்டா வெடிக்கும்போது சேம்பருக்குள் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 50,000 பவுண்ட் அழுத்தம் எழும். அது வழக்கமான நிலையிலேயே எழும் அழுத்தம்.

பித்தளைக் கேஸ் ஏன் அப்படி உடைகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் இருந்த படைகள், மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தன. மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கேஸ்களில் வெடிப்பு. வெகுகாலம் காரணம் புரியவில்லை. மழைப் பருவத்தில் வருவதால் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1921-இல்தான் தெளிவாக விளக்கம் வந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்து, செய்யும்போதே பித்தளைக்குள் தங்கிவிட்ட இழுவிசை இருக்கும் இடங்களில் வெடிப்பை உண்டாக்குகிறது. தோட்டாவின் கழுத்து அப்படிப்பட்ட இடம். இன்றைய தோட்டாக்களை அந்த இழுவிசை குறையும்படி கழுத்துப் பக்கம் சூடுகாட்டிப் பதப்படுத்துகிறார்கள். ஆனால் பித்தளைக்கும் அம்மோனியாவுக்கும் ஆகாது என்பது மாறவே மாறாது. வடசென்னைக்காரர்களுக்கு அம்மோனியாவைப் பற்றிச் சொல்லித் தர வேண்டாம். 2023 டிசம்பர் 26-ஆம் தேதி இரவு எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து கசிந்தபோது, தூக்கத்திலிருந்து எழுந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நம் ஜனங்கள். அந்த ஓர் இரவு நாற்றத்தால் எந்தத் தோட்டாவும் உடைந்துவிடாது. ஆனால் கழிவறையை ஒட்டிய அறையில், அம்மோனியா கலந்த தரை கழுவும் திரவத்துக்குப் பக்கத்தில், காற்றோட்டமில்லாமல் தோட்டாப் பெட்டியை வைக்கக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கழுத்து உடைந்த கேஸ் அபூர்வம். தினப்படி வருகிற காரணங்கள் இதைவிடச் சாதாரணமானவை. நசுங்கிய தோட்டா, மேகசினின் உதடு வளைந்து தோட்டா கோணலாக ஏறுவது, பின்கட்டைக்குள் இருக்கும் ரிடர்ன் ஸ்பிரிங் தளர்ந்துபோவது, பிளாக் போய் உட்காரும் பள்ளத்தில் கரியும் மணலும் சேர்ந்து கெட்டியாகிவிடுவது. எஸ்.எல்.ஆரில் பிளாக்கின் பின்பகுதி கீழே சாய்ந்து ஒரு எஃகுத் தோளில் உட்கார்ந்தால்தான் பூட்டு விழும். அந்தத் தோளின் மேல் காகிதக் கனத்துக்குக் கரி படிந்தாலும் போதும், பிளாக் சரியாகச் சாயாது. பார்வைக்கு மூடியது போலவே இருக்கும், மூடியிருக்காது. இந்த இடத்தைச் சுத்தம் செய்யப் பெரிய வித்தை வேண்டாம். ஒரு மூங்கில் குச்சியின் முனையைச் சீவி, ‘சிந்தி’ என்கிற துடைப்புத் துணியைச் சுற்றி, மூலைகளில் விட்டுத் திருப்பினால் போதும். இரும்பைக் கொண்டு சுரண்டக் கூடாது.

மூடியபடி திறக்க மறுப்பதுதான் ரொம்பக் கெட்ட வியாதி. பத்துக்கு எட்டு முறை குற்றவாளி சேம்பர். தோட்டா வெடிக்கும்போது பித்தளை விரிந்து சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கி விட்டுக்கொடுக்கும். அது விட்டுக்கொடுப்பதால்தான் எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கியின் நகத்தால் அதை இழுத்து வெளியே போட முடிகிறது. சேம்பர் சுவரில் துரு அரித்துக் குழி விழுந்திருந்தால், விரியும்போது பித்தளை அந்தக் குழிகளுக்குள்ளும் போய் அமர்ந்துகொள்கிறது. அப்புறம் எப்படி விடும்? நகம் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வரும், கேஸ் உள்ளேயே இருக்கும்.

இதை உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படைகளுக்கு எம்16 ரைபிளைக் கொடுத்தார்கள். இதற்குச் சுத்தமே தேவைப்படாது என்ற பேச்சை நம்பி, துடைக்கும் சாமான்களைப் போதிய அளவு அனுப்பவில்லை. தோட்டாவின் மருந்தையும் மாற்றினார்கள், கரி அதிகமாகப் படிந்தது. சேம்பருக்குக் குரோமியப் பூச்சும் கிடையாது. அந்த ஈரமான நாட்டில் சேம்பர்கள் துருப்பிடித்தன, கேஸ்கள் உள்ளேயே ஒட்டிக்கொண்டன. குழலின் வாய் வழியாகக் கம்பியை விட்டுக் கேஸைத் தள்ளிக்கொண்டிருந்த நிலையிலேயே செத்துக் கிடந்த சிப்பாய்களைப் பற்றிய செய்திகள் ஊருக்குப் போய், 1967-இல் அவர்களுடைய நாடாளுமன்றக் குழுவே விசாரித்துக் கடுமையாக அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு சேம்பருக்குக் குரோமியம் பூசினார்கள், துடைக்கும் சாமான்களும் பாடப் புத்தகமும் கைக்கு வந்தன, ரைபிளும் ஒழுங்காக ஓடியது. கலாஷ்னிகோவ் ரைபிளில் குழலுக்கும் சேம்பருக்கும் குரோமியம் பூசுவது வழக்கம். எத்தனையோ பேர் அந்த ரைபிளின் முரட்டுத்தனத்தைப் புகழ்கிறார்கள். அந்தப் புகழில் ஒரு பங்கு இந்தப் பூச்சுக்குச் சேர வேண்டும்.

இங்கேதான் உங்கள் பதிலில் சொன்ன ‘தாராளமாக எண்ணெய்’ வருகிறது. சேம்பர் சுடும்போது உலர்ந்திருக்க வேண்டும். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. எண்ணெய்ப் பூசிய சேம்பரில் கேஸ் சுவரைப் பிடிக்காது. அது பிடிக்காவிட்டால் பின்னோக்கி வரும் உந்துதல் பெரும்பாலும் பிளாக்கின் முகத்தில்தான் விழும். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது, போகப் போகப் பூட்டுத் தோள் அடிவாங்கும். அதோடு எண்ணெய், கரி, மணல் மூன்றும் சேர்ந்தால் பசைதான். ராஜஸ்தானில் புதிதாக வந்த ஒவ்வொரு அணிக்கும் நாங்கள் சொல்லிக்கொடுத்தது எண்ணெயைத் துடைத்தெடு என்பதை. பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் எஸ்.எல்.ஆரான எல்1ஏ1-இன் கேரியரில், அதாவது பிளாக்கைச் சுமந்து ஓடும் பாகத்தில், மணல் விழுந்து ஒதுங்குவதற்கென்றே காடிகள் வெட்டியிருந்தார்கள். மணலுக்கு இடம் கொடுத்தார்களே தவிர எண்ணெயைக் கூட்டவில்லை.

எண்ணெயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேரியர் ஓடும் தடங்கள், பிளாக்கைத் தூக்கி இறக்கும் சரிவு, பிளாக்கின் பின்புறம் தோளில் உரசும் இடம், இவற்றுக்கு மெல்லிய பூச்சு வேண்டும். விரலால் தடவினால் விரலில் மினுக்கம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு குடோனில் காவலுக்கு நிற்கும் பழைய ஃபௌஜி (ராணுவக்கார) நண்பர் ஒருவர், தன் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் திறக்கவே முடியவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். “அண்ணே, வாரா வாரம் எண்ணெய் போட்டுத்தான் வைக்கிறேன்” என்றார். முகர்ந்து பார்த்தேன், தேங்காய் எண்ணெய். அது 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி விடியற்காலையில் நம்மூரே அந்த அளவுக்கு வந்துவிடும். உறையாத நாட்களில் தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி இறுகும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து எடுத்துவிட்டு, உடனே ரைபிள் ஆயில் பூசினேன். அந்த ‘உடனே’ முக்கியம். மண்ணெண்ணெய் எல்லா எண்ணெயையும் வழித்துக்கொண்டு போய்விடும். அப்படியே விட்டால் இந்தக் கடற்காற்றில் மறுநாளே செந்நிறம் தட்டிவிடும்.

மூன்றாவது வியாதி, பாதியில் திரும்புவது. இதற்கு எஸ்.எல்.ஆரில் வாயு வழியைப் பார்க்க வேண்டும். குண்டு குழலில் போகும்போது ஒரு சின்னத் துளை வழியாக வாயு மேலே வந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் கேரியரைத் தள்ளுகிறது, கேரியர் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறது. வாயு குறைந்தால் ஓட்டம் குறையும். பிஸ்டனைக் கழற்றி ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ரைபிளைச் சாய்த்துப் பிஸ்டனை மட்டும் குழாயில் விட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். நடுவில் தயங்கினால் கரி இருக்கிறது, அல்லது பிஸ்டன் தண்டு வளைந்திருக்கிறது. தண்டைக் கண்ணாடிப் பலகை மேல் உருட்டினால் வளைவு காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் கேஸ் பிளக், அதாவது வாயு வழியின் முன்பக்க அடைப்பான். ரைபிள் கிரனேடு சுடுவதற்காக அதைத் திருப்பிப் போட்டால் வாயு அடைபட்டுவிடும். சுத்தம் செய்துவிட்டு அவசரத்தில் அப்படித் திருப்பிப் போட்டவர்களை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். ரைபிள் ஒரு தோட்டா சுடும், அடுத்ததற்குக் கையால் இழுக்க வேண்டும். சிக்கிவிட்டது என்று சத்தம் போடுவார்கள். பிளக்கைச் சரியாகத் திருப்பினால் முடிந்தது.

பிஸ்டனுக்குப் போகும் வாயுவைக் கூட்டிக் குறைக்கும் கேஸ் ரெகுலேட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாயுவை அதிகமாக வெளியே விடும் நிலையில் தொடங்கி, ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுட்டு, ஒவ்வொரு க்ளிக்காக மூடிக்கொண்டே வந்து, நம்பகமாக ஓடத் தொடங்கிய இடத்துக்கு மேல் இரண்டு க்ளிக் வைக்க வேண்டும். ஆனால் பல பேர் அதை முழுசாக மூடி வைத்துவிடுகிறார்கள். பலம் கூடினால் சிக்காது என்று நினைப்பு. நடப்பது நேர்மாறு. சேம்பரில் அழுத்தம் முழுதாக இறங்குவதற்கு முன்னால், பித்தளை விட்டுக்கொடுப்பதற்கு முன்னால், நகம் அதை முரட்டுத்தனமாக இழுக்கிறது. விளிம்பு கிழிகிறது. இல்லாத சிக்கலைக் கூப்பிட்டு வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறார்கள்.

எந்த வியாதியாக இருந்தாலும் கீழே விழுந்த காலிக் கேஸைப் பொறுக்கிப் பாருங்கள். அதில் எழுதியிருக்கும். விளிம்பு கிழிந்திருந்தால் இழுவை அதிகம், அல்லது சேம்பர் சொரசொரப்பு. உடம்பில் நீளவாக்கில் கீறல்கள் இருந்தால் சேம்பரில் துரு அல்லது மணல். அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே சுற்றிலும் வெளுத்த கோடு தெரிந்தால் அந்த ரைபிளை உடனே ஓரமாக வைத்துவிட வேண்டும். பூட்டுக்கும் தோட்டாவுக்கும் இடைவெளி கூடிவிட்டது, அடுத்தடுத்த தோட்டாக்களில் ஏதோ ஒன்று இரண்டாக உடையும் என்று அர்த்தம். அதை அளக்க கேஜ் இருக்கிறது, பூட்டுத் தோளை மாற்ற வெவ்வேறு அளவுகளில் உதிரிப்பாகம் இருக்கிறது. அது ஆர்மரர் வேலை. அரம் வைத்து ராவிச் சரிசெய்தேன் என்று யாராவது சொன்னால் அந்த ரைபிளைத் தொடாதீர்கள்.

உங்கள் நிருபர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அரசு மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்குகளில் போலீஸார் வானத்தை நோக்கிச் சுடும்போது, ஒவ்வொரு முறையும் காக்கிங் ஹேண்டிலைக் கையால் இழுப்பதைப் பார்த்து, ரைபிள் பழுது என்று எழுதிவிடுகிறார்கள். அது பழுது இல்லை. வெற்றுத் தோட்டாவில் குண்டு கிடையாது, குழலுக்குள் வாயு அழுத்தம் ஏறாது. குழல் வாயில் அதற்கென்று ஒரு கருவி பொருத்தாவிட்டால் எந்த எஸ்.எல்.ஆரும் வெற்றுத் தோட்டாவில் தானாக ஓடாது. 2019 ஆகஸ்டில் பீகாரின் முன்னாள் முதல்வர் ஜெகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கில் வெற்றுத் தோட்டாக்கள் வெடிக்கவே இல்லையே, அது வேறு. அதற்கு நாடே தலைகுனிந்தது நியாயம்.

கடைசியாக எங்கள் கடற்கரையைப் பற்றி. தண்டையார்பேட்டை, ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரை ஜன்னல் கம்பி எத்தனை வருஷம் தாங்கும் என்று இங்கே குடியிருக்கிறவர்களுக்குத் தெரியும். உப்புத் துகள் 75 சதவீத ஈரத்திலேயே காற்றிலுள்ள தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். மழை மாதங்களில் இங்கே காற்றின் ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். இதற்கு நடுவில் பழைய .303 தோட்டாவைச் சுட்டால் நிலைமை இன்னும் மோசம். அந்தக் காலத்து தோட்டாக்களின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது குழலுக்குள் உப்பாகவே படியும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் அந்தக் காலத்தில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரைக் குழலில் ஊற்றி, சூட்டிலேயே உலரவிட்டு, அதற்கு மேல் எண்ணெய் இழுத்தார்கள். எண்ணெய் மட்டும் பூசினால் உப்பின் மேல் போர்வை போர்த்தியதோடு சரி, துரு அடியில் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், கடலோரக் காவல் நிலையங்களின் ஆயுத அறைகளை ஆர்மரர்களைக் கொண்டு ஒரு முறை முழுசாகச் சோதிக்க வேண்டும் என்று காவல் துறையை உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். 2015-லும் 2023-லும் டிசம்பரில் எங்கள் பக்கம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அவர்களுக்கும் தெரியும். கீழ்வரிசை ரேக் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். ரெக்சின் உறைக்குள் ரைபிளை மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள், உள்ளே வியர்த்துக் கொட்டும். குழல் வாயில் துணி அடைத்து வைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். ஈரம் உள்ளேயே நிற்கும். எடுக்க மறந்து சுட்டால் குழலே பிளக்கும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்த ரைபிள் ஐந்து நிமிடத்தில் முத்து முத்தாக நனைந்துவிடும், துடைக்காமல் திருப்பி வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் நிறம் மாறிவிட்டால் காயவைத்துத்தான் திருப்பி வைக்க வேண்டும். சேம்பருக்கென்று தனி பிரஷ் உண்டு. எத்தனையோ ஆயுத அறைகளில் குழலைத் துடைக்கும் புல் த்ரூ கயிறு இருக்கும், அந்த பிரஷ் மட்டும் இருக்காது. அது வந்துவிட்டாலே பாதிப் புகார் குறையும்.

உங்கள் திருத்தத்தில் இடம் குறைவாக இருந்தால் இந்த அளவு போதும்: குழல் வாயை டார்கெட் பக்கம் வை, விரலை எடு, உஸ்தாதைக் கூப்பிடு, காத்திரு, மேகசினைக் கழற்று. எண்ணெயும் வேண்டாம், இடியும் வேண்டாம். மிச்சத்தைத் தெரிந்துகொள்ள விரும்பும் பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார், ஆர்மரர், இ.எம்.இ.,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.